திருவண்ணாமலையில் பால், நெய் சேராமல் சாப்பிட: பயனுள்ள குறிப்புகள்

வீட்டில் மகளோ மருமகனோ வீகன் ஆகிவிட்டால், கிரிவலம் போகலாம் என்று பேச்செடுத்ததுமே அம்மாவுக்கு வருகிற கவலை ஒன்றுதான்: அந்தப் பிள்ளை அங்கே என்ன சாப்பிடும்? இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எதையும் அவர்கள் தொடுவதில்லை. திருவண்ணாமலையில் கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் எல்லாவற்றிலும் நெய் இருக்கும் என்று பயந்து, வாழைப்பழத்தையும் இளநீரையும் வைத்தே இரண்டு நாளை ஓட்டிவிட்டு வாடிப்போய் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. அந்தக் கஷ்டம் தேவையில்லை. நம் சமையலின் உடம்பு அரிசியும் பருப்பும் புளியும் தேங்காயும் நல்லெண்ணெயும்தான். பாலும் நெய்யும் பெரும்பாலான பண்டங்களில் கடைசிக் கரண்டியாகத்தான் வந்து விழுகின்றன. அந்தக் கரண்டி எதில், எப்போது விழுகிறது என்று தெரிந்துகொண்டால், சாதாரண டிபன் கடையிலேயே வயிறாரச் சாப்பிடலாம்.

1. கடையில் உட்கார்ந்ததும் "வீகன் கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள். "இங்க எல்லாமே சுத்த சைவம்தாங்க" என்ற பதில்தான் வரும். அவர் சொல்வதில் தவறில்லை. அவர் அறிந்த சைவத்தில் பால் அடக்கம். ஆகவே பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: "அண்ணா, நெய், வெண்ணெய், பால், தயிர் எதுவும் சேராம என்ன இருக்கு?" சப்ளையருக்குச் சந்தேகம் என்றால் அவரே உள்ளே போய் மாஸ்டரிடம் கேட்டு வருவார். "எண்ணெய் மட்டும் ஊத்தி" என்ற மூன்று வார்த்தையையும் ஆர்டரோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். தோசை மேசைக்கு வந்தபிறகு சொன்னால் அந்தத் தோசை வீணாகும், அவருக்கும் மனம் கஷ்டப்படும்.

2. காலை டிபனில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக்கூடியது இட்லியும் மெதுவடையும். அரிசி, உளுந்து, உப்பு, எண்ணெய், அவ்வளவுதான். சாதா தோசை, வெங்காய ஊத்தப்பம், பூரி ஆகியவற்றுக்கு ஒரு கேள்வி போதும்: கல்லில் எண்ணெயா, நெய்யா? பூரிக்கு மாவு பிசையும்போது சிலர் பால் தெளிப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பொடி இட்லியும் சாம்பார் இட்லியும் பார்த்தால் சாது போலிருக்கும். இரண்டிலும் மேலே நெய் ஊற்றித் தருவதுதான் பல கடைகளில் வழக்கம். ரவா தோசை மாவில் புளிப்புக்காக மோர் கரைத்திருக்கலாம். செட் தோசை மாவிலும் தயிர் சேர்ப்பவர்கள் உண்டு.

வெண்பொங்கலையும் ரவா கிச்சடியையும் கேசரியையும் விட்டுவிடுங்கள். அவை அண்டாவிலேயே நெய்யோடு கிளறப்படுகிறவை. உங்களுக்காகத் தனியே நெய் இல்லாமல் எடுத்துத் தர மாஸ்டரால் முடியாது. இடியாப்பமும் ஆப்பமும் கிடைத்தால் தேங்காய்ப் பாலோடு சாப்பிடுங்கள், அதைவிட நல்ல வீகன் காலை உணவை வெளிநாட்டிலும் தேட முடியாது. சட்னியில் தேங்காயும் பொட்டுக்கடலையும்தான் இருக்கும். வெள்ளைச் சட்னி புளித்த வாசனையோடு இருந்தால் மட்டும் தயிர் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாம்பார் பெரும்பாலும் எண்ணெய்த் தாளிப்புதான்.

3. போண்டா விஷயத்தில் ஊர் பார்த்துச் சாப்பிட வேண்டும். நம் பக்கத்து மைசூர் போண்டா உளுந்து மாவு. ஆந்திராவில் அதே பெயரில் மைதாவும் தயிரும் கலந்து செய்வார்கள். திருவண்ணாமலைக்கு ஆந்திர, தெலங்கானா பக்தர்கள் நிறைய வருவதால் அவர்கள் ருசிக்கேற்ற கடைகளும் இருக்கின்றன. பிய்த்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு போல் வெளுப்பாக இருந்தால் அது மைதா.

4. மதியச் சாப்பாட்டில் இலை போட்டதும், பரிமாற வருகிறவரிடம் "பருப்புக்கு நெய் விடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெய் விடுவதை அவர்கள் உபசாரமாகவே செய்கிறார்கள். பருப்புக்கு நெய் இல்லாமல் ஒருவர் சாப்பிடுவதைப் பார்க்கவே அவர்களுக்கு மனசு வராது. அதனால் கரண்டி நீளும்போது கையை இலைமேல் காட்டிச் சிரித்துக்கொண்டே மறுத்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாம்பார், வத்தக்குழம்பு, காரக்குழம்பு, பொரியல், கீரைக் கடைசல், அப்பளம், ஊறுகாய் இவை பெரும்பாலும் சிக்கலில்லாதவை. ரசத்தில் நெய்த் தாளிப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டு தேங்காய் அரைத்ததா என்று பாருங்கள். அவியலில் தயிர் உண்டு. பச்சடி, மோர்க்குழம்பு, பாயசம் மூன்றும் வேண்டாம். எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று மோர் மிளகாய்! மிளகாயை மோரில் ஊறவைத்துத்தான் காயவைக்கிறார்கள். அப்பளத்தோடு சேர்த்து அதையும் இலையில் வைத்துவிடுவார்கள்.

தயிர்ச் சாதம் இல்லாமல் சாப்பாடு முடிந்த நிறைவு வராதவர்கள், கடைசியில் ரசத்தை இன்னொரு முறை ஊற்றிச் சாப்பிட்டுப் பழகலாம். வீகன் பிள்ளை உள்ள வீடுகளில் நாளடைவில் எல்லோருக்குமே அது பிடித்துப்போகிறது.

5. டால்டா என்றாலே நெய் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். டால்டா என்கிற வனஸ்பதி, தாவர எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்வது. அதில் பால் இல்லை. உடம்புக்கு நல்லதா என்றால் நல்லதில்லை, நானும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் நெய்யா டால்டாவா என்று தெரியாமல் பட்டினி கிடப்பதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல்.

6. ராத்திரி பரோட்டாவுக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும். மாவு மிருதுவாக வரப் பாலும், சில இடங்களில் முட்டையும் சேர்த்துப் பிசைவார்கள். வெள்ளைக் குருமாவில் தயிர் இருக்கலாம். வெஜிடபிள் பிரியாணியில் தயிர் அநேகமாக உண்டு. தோசையும் காரச் சட்னியும் ராத்திரிக்குப் பாதுகாப்பு.

7. டீக்கடையில் பிளாக் டீ, லெமன் டீ, சுக்கு காபி. கிரிவலப் பாதையில் சுக்கு மல்லி காபிக்குக் குறைவே இல்லை, ராத்திரி நடைக்கு அதுதான் நல்ல துணை. பனைவெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டிருப்பார்கள். தேன் கலந்ததா என்று மட்டும் கேளுங்கள். ராகி மால்ட் என்றால் பாலில் கரைத்ததா, தண்ணீரில் கரைத்ததா என்று கேட்க வேண்டும்.

8. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சாதாரணமாக நடந்தால் நாலைந்து மணி நேரம். ராஜகோபுரத்திலிருந்து கிளம்பி, இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டுக்கொண்டு போகிற வழியில் பசிக்கு வேண்டியதெல்லாம் தள்ளுவண்டியிலேயே கிடைக்கும்: வேகவைத்த வேர்க்கடலை, சுண்டல், மக்காச்சோளம், வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, இளநீர். தை மாதத்தை ஒட்டி வந்தால் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு. திருவண்ணாமலை மாவட்டம் வேர்க்கடலை விளைகிற சீமை. இங்கே கிடைக்கிற பச்சைக்கடலையை உப்புப் போட்டு அவித்துச் சாப்பிட்டால் பாலும் முட்டையும் தருகிற பலத்தில் என்ன பாக்கி என்று தோன்றும்.

கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் குடிக்கலாம், ஆனால் பானையில் ஏற்கெனவே மோர் ஊற்றிக் கரைத்திருப்பார்கள். சிலர் கட்டியான கூழைத் தனியே வைத்துக்கொண்டு, கேட்கும்போதுதான் கரைத்துத் தருவார்கள். அப்படிப்பட்ட வண்டியைப் பார்த்து, "மோர் இல்லாம, தண்ணி ஊத்திக் கரைச்சுக் குடுங்கக்கா" என்று கேளுங்கள். சின்ன வெங்காயமும் உப்பும் கூட இருந்தால் போதும்.

9. பௌர்ணமி அன்று கடை தேடி அலையாதீர்கள். பேருந்து நிலையத்திலிருந்து கோயில் வரை தலையாகத் தெரியும். அந்த நெரிசலில் எந்தச் சப்ளையருக்கும் உங்கள் தோசைக்கு எண்ணெயா நெய்யா என்று மாஸ்டரிடம் போய்ச் சொல்ல நேரமிருக்காது. மாலை 5 மணிக்கு முன்பே ஒரு கடையில் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். கார்த்திகை தீபத்தன்று அதுவும் கஷ்டம். அன்றைக்குக் கையில் கட்டுச்சோறு இருந்தே ஆகவேண்டும்.

10. கட்டுச்சோற்றுக்கு மூன்று வழி. முதலாவது, நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை; மறுநாள் வரை கெடாது. இரண்டாவது, மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவிய இட்லி. இட்லி நன்றாக ஆறியபிறகு தடவி, வாட்டிய வாழை இலையில் அடுக்கிக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்து ஊசிப்போகும். மூன்றாவது, எண்ணெய் விட்டுச் சுட்ட சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். தேங்காய்ச் சட்னியைக் கட்டாதீர்கள், வழியிலேயே கெட்டுவிடும். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தப் பொட்டலம் வழியிலும் உதவும். நெடுஞ்சாலை உணவகங்களில் பேருந்து நிற்கிற கொஞ்ச நேரத்தில் விசாரித்துச் சாப்பிட முடிவதில்லை.

11. கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பந்தியில் உட்கார்ந்து சாம்பாரும் பொரியலும் ரசமும் வாங்கிக்கொண்டு, மோரையும் பாயசத்தையும் மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். பிரசாதக் கடையில் புளியோதரையும் சுண்டலும் உங்களுக்கானவை. சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம், லட்டு ஆகியவற்றைக் கூட வந்தவர்களுக்கு விட்டுவிடுங்கள். யாராவது கையில் வைத்துக் கொடுத்துவிட்டால், பக்கத்தில் இருக்கிற குழந்தைக்குக் கொடுத்தால் போகிறது. வாங்கிய பிரசாதத்தை மண்டபத்து ஓரத்தில் வைத்துவிட்டு வருவது மட்டும் கூடவே கூடாது.

கிரிவலப் பாதையில் தனியார் தருகிற அன்னதானத்தில் எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தக்காளிச் சாதம் கிடைத்தால் வாங்குங்கள். சாம்பார்ச் சாதத்தில் நெய் இருக்க வாய்ப்பு அதிகம். தட்டு கைக்கு வருமுன்பே கேட்டுவிட வேண்டும். வாங்கியபின் குப்பையில் போடுகிற தட்டு, வரிசையில் பின்னால் நிற்கிற ஒருவருடைய பசி.

12. கார்த்திகையில் மலைமேல் கொப்பரையில் ஏற்றுகிற தீபத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் செலவாகிறது. பக்தர்கள் நெய்க்குக் காணிக்கை செலுத்துவது வழக்கம். வீட்டு வீகன் பிள்ளைக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அதே தொகையைக் கோயில் அன்னதானத்துக்குக் கட்டட்டும்.

13. செங்கம் சாலையில் உள்ள ரமணாஸ்ரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். அங்கே எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிறார்கள். வேகமாகப் பரிமாறிக்கொண்டே போவார்கள், நின்று விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. வேண்டாததற்குக் கையால் இலையை மறைத்தால் புரிந்துகொண்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிற இடம் என்பதால் பால் வேண்டாம் என்கிறவர்களைப் பார்த்து அங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

அந்த ஆசிரமத்துக்குள்ளேயே, ரமண மகரிஷி அன்போடு வளர்த்து 1948-ல் மறைந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. ஒரு பசுவை மனிதருக்குச் சமமாக நினைத்து அடக்கம் செய்த இடம் அது. கன்றுக்குரிய பாலை நாம் எடுக்க வேண்டாம் என்று நினைக்கிற ஒரு பிள்ளை, அங்கே இலையை மறைக்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. வீட்டுப் பெரியவர்கள் இந்தச் சமாதியை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால், "பால்ல என்னம்மா பாவம்?" என்ற வாக்குவாதம் கொஞ்சம் தணியும் என்பது என் நம்பிக்கை.

14. ஆசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைப் பகுதியில் வெளிநாட்டவருக்கான சிறு உணவகங்கள் இருக்கின்றன. டோஃபு, தேங்காய்ப் பால் காபி, பாதாம் பால், கொண்டைக்கடலை ஹம்மஸ் எல்லாம் கிடைக்கிற இடம் அதுதான். வீகன் என்ற சொல்லும் அங்கே புரியும். மார்கழிக்குச் சற்று முன்பிருந்து பங்குனி வரை கூட்டம் இருக்கும். வெயில் ஏறியதும் பல கடைகள் மூடிவிடும், ஆகவே கோடையில் அவற்றை நம்பிப் போகாதீர்கள். உலகம் முழுக்க வீகன் உணவகங்களைத் தேடித் தருகிற ஹேப்பிகவ் என்ற செயலி 1999-ல் இணையதளமாகத் தொடங்கியது. அதில் இந்த ஊரையும் தேடிப் பார்க்கலாம், ஆனால் கிளம்புமுன் கடைக்கு ஒரு போன் போட்டுத் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இட்லிக் கடைகளை எந்தச் செயலியும் வீகன் என்று காட்டாது. அதற்காக இட்லியை விட்டுவிட்டு இருமடங்கு விலையில் சாண்ட்விச் சாப்பிட வேண்டியதில்லை.

15. பிஸ்கட், ரொட்டி, சிப்ஸ் பொட்டலங்களில் பச்சை வட்டம் இருந்தால் சைவம் என்றுதான் பொருள், பால் இருக்கலாம். பின்புறம் பொடி எழுத்தில் மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின், பட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். மசாலா தூவிய சிப்ஸிலும் பால்பொடி இருக்கலாம். வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிகளும் முத்திரையும் கொண்டுவந்தது: பச்சைச் சதுரத்துக்குள் இலை துளிர்த்த ஆங்கில 'வி' எழுத்து. அது இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

16. விடுதி அறையிலோ வீட்டிலோ காலை காபிக்குப் பால் வேண்டுமென்றால் வேர்க்கடலைப் பால் காய்ச்சுங்கள். ஒரு கப் கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சை வாசனை போய்விடும். தோலைத் தேய்த்தெடுத்து, நைசாக அரைத்து, 4 கப் தண்ணீர் சேர்த்துத் துணியில் வடிகட்டி, கைவிடாமல் கிண்டிக் காய்ச்சவும். வெதுவெதுப்பான சூட்டில் காம்போடு நாலைந்து பச்சை மிளகாயைப் போட்டு மூடி வைத்தால் தயிராகவும் உறையும். ராத்திரி வைத்தால் காலையில் எடுக்கலாம். தேங்காய்ப் பால் காபி வேண்டுமென்கிறவர்கள் டிகாஷனின் கொதி அடங்கியபிறகு பாலை ஊற்றுங்கள், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் திரிந்துவிடும்.

17. ஊருக்கு வாங்கிப் போக: ஆற்காடு மக்கன் பேடா பால்கோவாவில் செய்வது, வேண்டாம். வெண்ணெய் முறுக்கும் வேண்டாம். தட்டையிலும் வெண்ணெய் போடுவார்கள், கேளுங்கள். வெல்லப்பாகில் பிடித்த கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் எல்லோருக்கும் ஆகும். ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் விடாதீர்கள், உப்புமாவுக்கும் புளிச்சாதத்துக்கும் அரிசியைவிட ருசி. அதே மலையிலிருந்து தேனும் விற்பனைக்கு வரும். அது வீகன் பிள்ளைக்கு ஆகாது.

18. நிரந்தரமாகவே பாலை விட்டவர்கள் பி12 சத்துக்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். தாவர உணவில் அது போதுமான அளவு கிடைப்பதில்லை.

19. தமிழ் தெரியாத நண்பர்களோடு வருகிறீர்களா? ஜப்பானுக்குப் போகிற வீகன் பயணிகள், காய்கறிச் சூப்பிலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்த 'தாஷி' சாறு கலந்திருக்கும் என்பதால், வேண்டாதவற்றை ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். கியோட்டோவில் புத்த மடத்துச் சமையலான 'ஷோஜின் ரியோரி' கிடைக்கிற இடங்களிலும்கூட விசாரித்தே சாப்பிடுகிறார்கள். இங்கேயும் அதே வழி உதவும். கீழே உள்ளதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கல்லாவில் நீட்டினால் போதும்:

"வணக்கம். நான் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பனீர், தேன், முட்டை, மீன், இறைச்சி எதுவும் சாப்பிடுவதில்லை. எண்ணெய், தேங்காய், கடலை, பருப்பு எல்லாம் சாப்பிடுவேன். காரம் கொஞ்சம் குறைவாக இருந்தால் நல்லது. எனக்கு ஏற்றது என்ன இருக்கிறது என்று கைகாட்டுங்கள். மிக்க நன்றி."